செரிமான மண்டல இல்ல விழா

பாண்டிமீனா என்ன வேலை பார்க்கிறாள் என்று எழுமலையில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சொட்டு மருந்து கொடுக்கிற நர்ஸ் என்பார் ஒருவர். சத்துணவைச் சோதிக்க வருகிற அதிகாரி என்பார் இன்னொருவர். கோழிக்கடைக்காரர் ஒருத்தர் அவளைக் குறி சொல்லும் கோடாங்கி என்றே முடிவு கட்டி, பயந்துபோன தன் மகளுக்குக் கயிறு கட்டிவிடச் சொல்லிக் கையில் சேவலோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றிருக்கிறார். அவளும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "படிக்கிறதுல சிரமப்படுற பிள்ளைகளுக்கு, எப்பிடிப் படிக்கிறதுன்னு சொல்லிக் குடுக்கிறேன்" என்பாள். "அதத்தானே எல்லா வாத்தியாரும் பண்றாக?" என்று கேட்பார்கள். எல்லா வாத்தியாரும் அதைப் பண்ணியிருந்தால் அவளுக்கு வேலையே இருந்திருக்காது. இதை வெளியே சொல்ல முடியாது. சொன்னால் ஆசிரியர்கள் அறையில் அவளுக்கு டீ வராது.

அரசாங்கத் தாளில் அவள் பெயர் சிறப்பாசிரியர். சிறப்பெல்லாம் அந்தப் பெயரோடு சரி. ஒப்பந்த வேலை. இன்னொரு வருடம் உண்டா இல்லையா என்பது ஒவ்வொரு ஏப்ரலிலும்தான் தெரியும். வீடு மதுரையில், செல்லூரில். கணவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவர். அவர் மல்லிகை வாசத்தோடு வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில் இவள் டிபன் பாக்ஸோடு வெளியே போய்க்கொண்டிருப்பாள். இருவரும் குடும்பம் நடத்துவது பெரும்பாலும் வாசற்படியில்தான். செவ்வாய்க்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி எழுமலை. மறுநாள் திருமங்கலம் வழியாகப் பேரையூர். அடுத்த நாள் இன்னொரு ஊர். தோள்பையில் களிமண், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள், கலர் கண்ணாடித்தாள், ஒரு டப்பா நிறையப் பச்சைப்பயறு. பயறு எண்ணிக் கணக்குப் போடுவதற்கு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் அவளை வியாபாரி என்று நினைத்து விலை கேட்பார்கள்.

எழுமலைப் பள்ளியில் அவளுக்கு ஒதுக்கப்பட்டது விளையாட்டுச் சாமான் அறை. முனை மழுங்கிய ஈட்டிகளுக்கும் காற்றுப் போன கால்பந்துகளுக்கும் நடுவில் ஒரு பாய். அந்தப் பாயில் உட்காரும் பிள்ளைகளில் ஒருவன்தான் சூரியபிரகாஷ். ஒன்பதாம் வகுப்பு.

பையன் சுட்டி. கண்ணில் பார்த்ததை விடமாட்டான், காதில் கேட்டதை மறக்கமாட்டான். எழுத்து மட்டும் அவனிடம் நிற்காது. புத்தகத்தைத் திறந்ததும் வரிகள் எல்லாம் கலைந்து ஓடுவதாகச் சொல்வான். சொல்லும்போது அவன் பெருவிரல் சட்டையின் இரண்டாவது பித்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். எல்லாச் சட்டையிலும் அந்தப் பித்தான் மட்டும் இருக்காது. அவன் அம்மா அன்னக்கொடி, "பித்தான் தைச்சே என் கை தேஞ்சு போச்சு டீச்சர்" என்று வந்து அழுதிருக்கிறாள்.

அவனுடைய அப்பா சோணைக்கு ஆந்திராவில் விஜயநகரத்துப் பக்கம் முறுக்குக் கம்பெனியில் வேலை. கம்பெனி என்றால் பயந்துவிட வேண்டாம். ஒரு கொட்டகை, பெரிய அடுப்பு, நாலைந்து உசிலம்பட்டிக்காரர்கள், அவ்வளவுதான். தீபாவளி வியாபாரம் முடிந்து ஊருக்கு வந்தவரைப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே தலைமையாசிரியர் அழகுமலை சார், அறிவியலும் அவர்தான் எடுக்கிறார், சூரியபிரகாஷின் மார்க்கை எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தார். ஒற்றை இலக்கம். கூட்டம் சிரித்தது. சோணை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராக விளையாட்டுச் சாமான் அறைக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்குறேன். படிப்பு ஏறாதவனப் பெஞ்சில உக்கார வச்சு எதுக்கு அசிங்கப்படுத்துறீக? எங்கூட வந்தா மாவு பெசைவான். மானத்தோட இருப்பான்."

"அண்ணே, அவனுக்கு ஏறாம இல்ல. ஏத்துற வழி வேற."

"என்ன வழியோ. அரையாண்டுல அறிவியல் பாஸானா இங்கன கெடக்கட்டும். இல்லைன்னா பொங்கல் கழிச்சு நான் போறப்ப அவனும் எங்கூட வாரான்."

ஈட்டிகளுக்குப் பின்னால் நின்று பையன் கேட்டுக்கொண்டிருந்தான். பாண்டிமீனா, "பாஸாவான்ணே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரையாண்டுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. பாடங்களோ மலை மாதிரி கிடந்தன. இவன் தோற்றால் கொட்டகைக்குள் போய்விடுவான், அப்புறம் வெளியே வரமாட்டான் என்ற பயம் அன்றைக்கு அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் எழுமலை பஸ் ஸ்டாண்டில் அவள் பஸ்ஸுக்கு நிற்க, அவனும் துணைக்கு நின்றான். எதிரே யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாவுக்கு ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். சூரியபிரகாஷ் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, கேட்காமலே ஆரம்பித்தான்.

"டீச்சர், மேல இருக்காருல்ல, அவரு பிள்ளையோட தாத்தா. செத்துட்டாரு, அதான் மேகத்துக்கு மேல வச்சிருக்காக. இந்தா பெரிய படமா கும்பிட்டுக்கிட்டு இருக்கவரு தாய்மாமன். கீழ வரிசையில இருக்கவுக எல்லாம் மாமனோட கூட்டாளிக. கடைசியில கூலிங் கிளாஸ் போட்டவன் யாருக்கும் சொந்தமில்ல. அவனா வந்து ஒட்டிக்கிட்டது."

"எழுத்த வாசிச்சா சொல்ற?"

"எழுத்து எதுக்கு டீச்சர்? யாரு எங்க இருக்காகன்னு பாத்தாலே தெரியுதுல்ல?"

அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள்.

படிக்கச் சிரமப்படுகிறவனுக்குத் தெரிந்ததோடு தெரியாததை முடிச்சுப் போட்டுக் கொடு என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவனுக்கு எது தெரியும் என்பது இதுவரை அவளுக்குத்தான் தெரியாமல் இருந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொந்தபந்தத்தைவிட வேறென்ன நன்றாகத் தெரிந்துவிடும்? யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்குப் பிறகு யார், யாரை விட்டால் சண்டை வரும், எல்லாம் பால்குடி மறக்கும் முன்பே பாடமாகிவிடுகிறது. அறிவியல் புத்தகத்தில் செரிமான மண்டலத்தை எடுத்தாள். "இதுவும் ஒரு குடும்பந்தான். நீயே ஆளப் போடு" என்றாள்.

அவன் யோசிக்கக்கூட இல்லை. வாய் அத்தை. இரைப்பை அப்பா, "நாளெல்லாம் போட்டு அரைச்சுக்கிட்டே கெடப்பாரு." சிறுகுடல் அம்மா, "வீட்டுக்கு வாரது எல்லாம் அவுககிட்டதான் சேரும்." கணையம் சித்தி. தண்ணீரைப் பிடித்து வைக்கிற பெருங்குடல் சித்தப்பா முத்திருளன், அவருக்குத்தான் கிணறு இருக்கிறது. கல்லீரலைப் படத்தில் காட்டியதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இது பேயாண்டி மாமன் டீச்சர்! சோறு போற பாதையில இது இல்லைல்ல? மாமனும் எங்க வீட்டுல இல்ல. ஆனா அவரு சீரு வராம எங்க வீட்டுல ஒரு காரியம் நடக்காது."

"அப்பப் பித்தநீர்?"

"அதான் சீரு. பித்தப்பை மாமனோட வேன். அதுல ஏத்தி வச்சிருந்து, வேணுங்கிறப்பக் கொண்டாந்து எறக்குவாரு."

பாண்டிமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டப்படிப்பில் விலங்கியல் படித்தவள் அவள். கல்லீரலை இவ்வளவு தெளிவாக அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

இனி வேண்டியது ஒரு பிளக்ஸ். பையன் அம்மாவின் போனிலிருந்து ஆளாளுக்குப் படம் கொண்டுவந்தான். அவள் எழுமலைக் கடைத்தெருவில் இருந்த அசீமின் பிளக்ஸ் கடைக்குப் போனாள். அசீம் மதுரை காஜிமார் தெருப் பையன். மாமனார் ஊரான எழுமலையில் கடை போட்டு, இந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாத இந்த ஊர்ச் சொந்தங்களைக் கம்ப்யூட்டருக்குள் வைத்திருந்தான்.

"வாங்கக்கா. காதணியா, கல்யாணமா, கண்ணீர் அஞ்சலியா?"

"மூணும் இல்ல தம்பி. செரிமானம்."

"சரி, காதணி டிசைன்ல போட்டுர்றேன்."

உறுப்புகளின் பெயரை எல்லாம் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தேதி பையன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று தேர்வு நாளையும் நேரத்தையும் பள்ளிக்கூடத்தையும் கீழே போடச் சொன்னாள். அறைச் சுவரில் மாட்டுகிற மாதிரி சின்னதாகப் போதும் என்றாள். பஸ் ஹாரன் கேட்டது. ஓடிவிட்டாள்.

அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். அசீமின் தொழிலில் சின்னது என்று ஒன்று கிடையாது. சின்னதாக பிளக்ஸ் அடித்துக் கொடுத்து, அதைப் பார்த்த மாமன்மார்கள் கடைக் கண்ணாடியை உடைத்த கதை எல்லாம் அவனுக்கு உண்டு. பிளக்ஸைக் கொடுப்பது என்றால் அவன் அகராதியில் பஸ் ஸ்டாண்டில் கட்டுவது என்று அர்த்தம். வேறெங்கும் கட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

அதன்பிறகு அவளை மருத்துவ முகாம் வேலைக்கென்று பேரையூரில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். போனில்தான் கேட்டாள். "சூப்பரா வந்திருக்குக்கா. எடுப்பான எடத்துல கட்டியாச்சு" என்றான் அசீம். பையனைக் கேட்டாள். "தெனமும் காலையில, சாயங்காலம் ரெண்டு நேரமும் போய் நின்னு பாத்துச் சொல்லிப் பாக்குறேன் டீச்சர். எல்லாம் நிக்குது" என்றான். அவள் விளையாட்டுச் சாமான் அறைச் சுவரை மனதில் நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அறிவியல் தேர்வன்று காலை பஸ் எழுமலைக்குள் திரும்பியது. ஜன்னலோரம் இருந்த பாண்டிமீனா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே, இரண்டு சிங்கங்கள் காவல் நிற்க, வெள்ளைக் குதிரையின் மேல் சூரியபிரகாஷ் உட்கார்ந்திருந்தான். "எழுமலையே திரண்டு வா! செரிமான மண்டல இல்ல விழா! விழா நாயகன் சூரியபிரகாஷ்" என்று தலைக்கு மேலே பொன்னெழுத்து. வலது பக்கம் முழுக்கப் பேயாண்டி மாமன், கூப்பிய கையோடு. "எங்கள் கல்லீரலே! பித்தநீர் வழங்கும் வள்ளலே!" இடது பக்கம் சோணை. "அயராது அரைக்கும் இரைப்பையே!" அன்னக்கொடிக்கு, "அனைத்தையும் உறிஞ்சும் சிறுகுடலே!" அத்தையும் சித்தியும் மேகத்துக்குக் கொஞ்சம் கீழே. மூலையில் சித்தப்பா முத்திருளன். அடைமொழி எழுத இடமில்லாமல் போயிருக்க வேண்டும். வெறுமனே "பெருங்குடல்" என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் தேதி, நேரம், இடம் அரசு உயர்நிலைப் பள்ளி, கிடா விருந்து நடைபெறும், அனைவரும் வருக.

"இறங்கலையாக்கா?" என்றார் கண்டக்டர். அவள் பையை அள்ளிக்கொண்டு இறங்கினாள். அப்போதுதான் தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது.

பள்ளிக்கூட வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. பெண்கள் பட்டுச் சேலையில் தாம்பாளங்களோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழம், தேங்காய், பூ, சாக்லேட் மாலை. மாலை போட்ட கிடா ஒன்று கொடிக்கம்பத்தில் கட்டப்பட்டு, சத்தமாகத் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கழுத்துச் செயின் வெளியே தெரிய, பேயாண்டி முன்னால் நடந்து வந்தார். தேர்வுக்கு வந்த பிள்ளைகள் பரீட்சை அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டினார்கள். நடுவே அழகுமலை சார், பஸ் ஸ்டாண்டு பிளக்ஸை எல்லாம் நிமிர்ந்தே பார்க்காதவர், வினாத்தாள் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி, "யாருய்யா நீங்க? என்னய்யா இது?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"தாய்மாமன் சார்" என்றார் பேயாண்டி. "கல்லீரல்."

"எது?"

"நான்தான் சார் கல்லீரல். சீரு கொண்டாந்திருக்கேன்."

"இன்னிக்கு அரையாண்டுப் பரீட்சை! வெளிய போங்க எல்லாரும்!"

"மாமன் சீரு எறங்காமத் திரும்பிப் போகாது சார். ஊரு சிரிக்கும். யாராச்சும் கைநீட்டி வாங்கிட்டீகன்னா நாங்க பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துக்கிறோம்."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு கலவரம். முத்திருளன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "மொதல்ல எனக்கு ஒரு ஞாயம் சொல்லுங்க. மாமன்னா கல்லீரலு, வள்ளலு. கூடப் பொறந்த தம்பி நான் பெருங்குடலா? ஊர்ல ஒருத்தன் விடாம எங்கிட்டக் கேட்டுப்புட்டான்."

வேட்டி கட்டியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிய ஆரம்பித்தார்கள். கல்லீரல் கட்சியில் ஆள் அதிகம். பாண்டிமீனா எப்படிக் கூட்டத்துக்குள் புகுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பச்சைப்பயறு டப்பா எங்கோ கொட்டியது.

"சித்தப்பா, இங்க பாருங்க. பெருங்குடல் இல்லைன்னா தண்ணிய யாரு பிடிச்சு வைக்கிறது? உங்களுக்கு முன்னாடி இருக்கவுக எல்லாம் சாறா விட்டுட்டுப் போயிருவாக. தண்ணியப் பூராம் உறிஞ்சி ஒடம்புக்குக் குடுக்கிறது நீங்கதான். நீங்க ஒருநாள் வேல செய்யலைன்னா குடும்பமே வத்திப் போயிரும்."

முத்திருளன் யோசித்தார். "அம்புட்டுத் தண்ணியும் எங்கிட்டதானா?"

"மிச்சம் இருக்கிறது அம்புட்டும் உங்ககிட்டதான்."

"அதச் சொல்லணும்ல" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அண்ணன் பெண்டாட்டி அன்னக்கொடியைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார்.

அழகுமலை சாருக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. புரியப் புரிய முகம் சிவந்தது. "இந்தக் கூத்துக்கு யாரு பொறுப்பு? எனக்குப் பேர் வேணும். மேல எழுதணும்." போன் போட்டு அசீமை வரவழைத்தார். அசீம் நல்ல பிள்ளை. நடந்ததை அப்படியே சொன்னான்.

"சார், எங்க கடையில ரூல் ஒண்ணு இருக்கு. அடிக்கிறதுக்கு முன்னாடி குடும்பத்து ஆம்பள ஒருத்தரு பாத்து சரி சொல்லணும். பின்னாடி வெட்டுக்குத்து வரக்கூடாதுல்ல? சோணை அண்ணன் வந்தாரு. ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு. மாமன் படத்த இன்னுங் கொஞ்சம் பெருசாக்குங்க, எழுத்தெல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

கூட்டம் மொத்தமும் சோணையைப் பார்த்தது. கிடாவை வாங்கிக் கட்டியதே அவர்தான். சொந்தக்காரர்கள் போன் போட்டு என்ன விசேஷம் என்று கேட்டபோதெல்லாம், "ஆமா, வந்துருங்க" என்று சொன்னதும் அவர்தான்.

"படிச்சுப் பாத்துமா சரின்னு சொன்ன?" என்றார் அழகுமலை சார். வேனின் மேலேயும் அதே பிளக்ஸ் ஒன்று கட்டியிருந்தது. அதைக் காட்டினார். "இந்தா, என்ன எழுதியிருக்கு? நீயே வாசி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

சோணை பிளக்ஸை அண்ணாந்து பார்த்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெருவிரல் மெதுவாக ஏறி, வெள்ளைச் சட்டையின் இரண்டாவது பித்தானைப் பிடித்துத் திருக ஆரம்பித்தது.

பாண்டிமீனா அந்த விரலைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அவள் பாயில் உட்கார்ந்து பார்த்த அதே திருகல் அது.  இந்த மனிதர் தன் ஆயுசு முழுவதும் இப்படித்தான் நின்றிருக்கிறார். பஸ் போர்டுக்கு முன்னால், ரேஷன் கடையில், தெலுங்கு எழுத்து மட்டுமே இருக்கிற ஊரில், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். மகன் பெஞ்சில் அசிங்கப்படக் கூடாது என்று அன்றைக்கு அவர் கத்தியது மகனுக்காக மட்டும் இல்லை.

"நான்தான் சார் பொறுப்பு" என்றாள்.  வருகிற ஏப்ரல், அதற்கடுத்த ஏப்ரல், எல்லாம் ஒரு நொடி கண்ணில் வந்து போயின. "எழுதிக் குடுத்தது நான். அண்ணன்கிட்ட ஒரு எழுத்தக்கூட மாத்தக் கூடாதுன்னு கண்டிசனாச் சொன்னதும் நான்தான். பாடம்னு சொன்னதால அவரு ஒண்ணும் பேசல. என் பேர எழுதிக்கோங்க."

சோணையின் விரல் நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை, கிடாவைப் பார்த்தார்.

மணி அடித்தது. மணி அடித்தால் அழகுமலை சாரால் வேறெதையும் யோசிக்க முடியாது. இத்தனை வருடப் பழக்கம். "அப்புறம் பேசிக்கிறேன்" என்று திரும்பியவரின் கையில் பேயாண்டி முதல் தாம்பாளத்தை வைத்துவிட்டார். யாரோ ஒரு பெண் அவர் கழுத்தில் சாக்லேட் மாலையைப் போட்டாள். குலவைச் சத்தம் எழுந்தது. அந்த மாலையோடுதான் அவர் ஒன்பதாம் வகுப்பில் வினாத்தாள் கொடுத்தார்.

சூரியபிரகாஷுக்குத் தனி அறை. அவன் சொல்வதை எழுத ரோகிணி டீச்சர். பாண்டிமீனா கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அனுமதி அது. ரோகிணி தமிழாசிரியை, விதி என்றால் விதி. மாணவன் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்றால் இருமினால் இருமலையும் எழுதிவிடுவாள்.

வெளியே வேப்பமரத்தடியில் பட்டும் வேட்டியுமாக அவ்வளவு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொட்டுக்காரர் கொட்டைக் கவிழ்த்து அதன் மேல் தலைவைத்துப் படுத்துவிட்டார். கிடா ஒருமுறை கத்தியபோது பேயாண்டி எழுந்துபோய் அதன் வாயைக் கையால் மூடினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன் எந்தப் பரீட்சையும் அவ்வளவு அமைதியாக நடந்ததில்லை.

விருந்து பேயாண்டியின் தோப்பில் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுக்க வந்தது. முத்திருளன் ஒவ்வொரு பந்தியாகப் போய், "இப்பச் சாப்பிடுறது இரைப்பையில நிக்கும். அங்கிட்டு மாமன் சீரு வரும். எல்லாம் முடிஞ்சு சாயங்காலத்துக்கு மேல எங்கிட்டதான் வரணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஏழெட்டு வயசுப் பிள்ளைகள்கூடப் பித்தநீர், பெருங்குடல் என்று பேசிக்கொண்டார்கள். சோணை மட்டும் பந்திக்கு வரவில்லை.

விடைத்தாளை அழகுமலை சார்தான் திருத்தினார். ஜனவரியில் பள்ளி திறந்ததும் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேலே எழுதியிருப்பாரோ என்று பயந்துகொண்டே போனாள். அவர் தாளை நீட்டினார். செரிமானக் கேள்விக்கு ரோகிணியின் முத்து முத்தான கையெழுத்தில் இப்படி இருந்தது: "அத்தை மெல்லும். அப்பா அரைப்பார். கல்லீரல் தாய்மாமன் ஆவார். அவர் பாதையில் இல்லை, ஆனால் பித்தநீர் என்ற சீர் அனுப்புவார். அது வராவிட்டால் கொழுப்பு கரையாது, மானம் போய்விடும். சித்தியும் அதே வாசலில் கணையநீர் கொண்டுவந்து இறக்குவார். சத்தை எல்லாம் அம்மா வாங்கிக்கொள்வார். தண்ணீரைச் சித்தப்பா எடுத்துக்கொள்வார். கிடா விருந்து நடைபெறும். அனைவரும் வருக."

"கடைசி ரெண்டு வரிக்கு மார்க் கொறைக்கலாம்னு பாத்தேன்" என்றார். "கொறைக்க மனசு வரல. முழுசாப் போட்டுட்டேன்." மேலே எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாக்லேட் மாலையை அவர் பேத்தி தின்றுவிட்டதாக மட்டும் சொன்னார்.

ஆனால் அந்தக் கேள்வி ஒன்றுக்குத்தான் முழு மார்க். மற்ற பாடம் எதற்கும் பிளக்ஸ் கட்டவில்லையே? மொத்தத்தில் சூரியபிரகாஷ் அறிவியலில் பெயில்.

பாண்டிமீனா விளையாட்டுச் சாமான் அறையில் பாயைச் சுருட்டிவைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையாக வந்தது. கொடுத்த வாக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். பையன் வந்து தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, கதவருகே சோணை நின்றார். கையில் அந்தத் தாள். உள்ளே வந்து ஈட்டிகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மார்க்கு பத்தாதுன்னு பய சொன்னான்."

"பத்தாதுண்ணே. நான் சொன்ன சொல்லக் காப்பாத்தல."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்பு மை வரிசையாக விழுந்திருந்த பக்கத்தில் நிறுத்தினார். "இந்தச் செவப்புக் குறி எல்லாம் சரின்னு போட்டதுதானே? இந்த ஒரு பக்கம் பூராமே இருக்கு."

"அதுதான்ணே செரிமானம். அதுக்கு முழு மார்க்கு."

"முழுசுமா?"

"முழுசும்."

சோணை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தை மெல்லும், நான் அரைப்பேன், மச்சினன் சீரு அனுப்புவான்" என்று முணுமுணுத்தார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பிறகு தலையைத் தூக்கினார். "பய சொல்லக் கேட்டே எனக்கும் அப்பிடியே நிக்குது டீச்சர். நான் மூணாப்புல ஓடிப்போனவன். எனக்கு மூளையே இல்லைன்னு வாத்தியாரு சொன்னாரு, நானும் சரின்னு இருந்துட்டேன்."

"உங்களுக்கும் அவனுக்கும் ஒரே மாதிரிதான்ணே. மூளைக்கு ஒண்ணுமில்ல. எழுத்து ஏற வழிதான் வேற."

அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "பயல நான் கூட்டிட்டுப் போகல. இங்கனயே இருக்கட்டும். நான் மட்டும் போறேன்" என்றார். எழுந்தவர் கதவு வரை போய் நின்றார். விரல் பித்தானுக்குப் போனது, அது ஏற்கெனவே அங்கே இல்லை.

"டீச்சர், ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அசீமு தம்பிகிட்டச் சொல்லி எனக்கு ஒரு பிளக்ஸ் அடிச்சுத் தர்றீகளா? என் பேரு மட்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் நம்ம ஆளுக ஒருத்தர் படத்தப் போட்டு."

"சொல்றேண்ணே. கட்டாயம் சொல்றேன்."

"சின்னதாப் போதும்" என்றார் சோணை. "பஸ் ஸ்டாண்டுல மட்டும் கட்டிற வேணாம்னு சொல்லிருங்க."